கார்ஸ்பி மண்டபத்தில் லோர்னா சொன்னது

லோர்னா மெட்கால்ஃபுக்கு இடம் கிடைத்த செய்தியை ஊர் முழுக்கச் சொன்னது அவள் அல்ல, அவளுடைய அப்பா கீத். கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அவர் கடற்கரையில், படகை இழுக்கும் டிராக்டருக்கு அடியில் படுத்து ஏதோ ஒரு கசிவை அடைத்துக்கொண்டிருந்தார். லோர்னா களிமண் சரிவில் வழுக்கிக்கொண்டே ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் இரண்டு கறுப்புக் கைகள் பதிந்தன. அம்மா ஜனீன் எவ்வளவோ தேய்த்துத் துவைத்தும் அந்தக் கிரீஸ் போகவில்லை.

ஹல் நகரத்துக்குக் கிழக்கே, கடல் வருஷாவருஷம் கடித்துத் தின்னும் கரையில் இருக்கிறது எங்கள் கார்ஸ்பி. இங்கே மீன்பிடிக்க ஐந்து படகுகள்தான் மிச்சம். ஐந்தும் சிங்கி இறாலுக்குக் கூண்டு போடுகிறவை. கீத் அந்த ஐவரில் ஒருவர். காற்றாலை வைக்கிற கிரேஷோர் கம்பெனியில் பட்டப்படிப்போடு அப்ரண்டிஸ் வேலை என்றால் எங்கள் ஊரில் அது லாட்டரி மாதிரி. வாரத்தில் நான்கு நாள் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகம், மாதாமாதம் சம்பளம். ஐந்து வருஷம் கழித்துக் கையில் பொறியியல் பட்டம். படிப்புச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது.

அன்று சாயங்காலம் மதுக்கடையில் கீத் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார்.

"எம் பொண்ணு எஞ்சினியர் ஆகப் போறா. இனி எங்க குடும்பத்துல ஒருத்தருக்காவது குளிர்காலத்துல கை மரத்துப் போகாது."

"மூளை உன்னோடது வராம ஜனீனோடது வந்துச்சே, அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லு," என்றார் டெஸ். கீத்தை விடப் பத்து வயது மூத்தவர், பக்கத்துப் படகுக்காரர். கடையே சிரித்தது. கீத்தும் சிரித்தார்.

செப்டம்பரில் லோர்னா சேர்ந்தாள். அவளோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நகரத்துப் பிள்ளைகள். முதல் வாரமே கடலில் பிழைக்கும் பயிற்சி. ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டில் உட்காரவைத்து, பெல்ட்டைக் கட்டி, நீச்சல்குளத்தில் தலைகீழாக முக்குவார்கள். கணக்கில் புலிகளாக இருந்த பையன்கள் வெளியே வந்து வாந்தி எடுத்தார்கள். லோர்னா தண்ணீரிலிருந்து எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னொரு தடவை போகலாமா?" என்று கேட்டாள். பயிற்றுநர் அவளுடைய பெயரைக் கேட்டுக்கொண்டார்.

பல்கலைக்கழக நாள்தான் அவளை வாட்டியது. அங்கே நகரத்துப் பையன்கள் சிரித்தார்கள், அவள் மூழ்கினாள். சனிக்கிழமைகளில் சமையலறை மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். கீத் தேநீர்க் கோப்பையோடு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"கணக்குன்னு சொன்ன. ஒரு நம்பரக்கூடக் காணோமே."

"அப்பா, போ. நீ மூச்சு விட்டாலே எனக்குக் குறி மாறிப்போகுது."

"போறேன், போறேன். அந்த நெளிஞ்ச பாம்பு மட்டும் என்னன்னு சொல்லு."

"அது தொகையீடு. சின்னச் சின்னதா வெட்டி, எல்லாத்தையும் சேர்க்கிறது."

"ஓ. சாசேஜ் மாதிரி," என்று சொல்லிவிட்டு அவர் போனார். அதற்கப்புறம் அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. முதல் பரீட்சையில் தேறிவிட்டாள்.

கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பு ஃபிலிப்பா என்ற பெண்மணியுடையது. நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம், யாரையும் முதல் சந்திப்பிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குளத்தில் நடந்தது அவர் காதுக்குப் போயிருந்தது. மீனவர் வீட்டுப் பெண், அதுவும் காற்றாலை எஞ்சினியர் ஆகப் போகிறவள். நீலச் சட்டை போட்ட லோர்னாவைத் துறைமுகத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் ஹல் நகரப் பேருந்து நிறுத்தங்களில் அவள் முகம் ஆளுயரத்துக்கு வந்தது. கீத் வேலையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்தவன் யாரோ வழிப்போக்கன். அவனிடமும் சொல்லியிருக்கிறார், எம் பொண்ணு என்று.

புது வருஷம் பிறந்ததும் கம்பெனி தன் அடுத்த திட்டத்தை அறிவித்தது. கடலுக்குள் இன்னொரு காற்றாலைக் கூட்டம். அங்கிருந்து வரும் மின்கேபிள் கார்ஸ்பியில் கரையேறும். கரையேறும் வழி கரடு வழியாகப் போனது.

கரடு என்று எங்கள் படகுக்காரர்கள் சொல்வது, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலடியில் பாறாங்கற்கள் சிதறிக் கிடக்கிற ஒரு பரப்பு. சிங்கி அந்தக் கல்லிடுக்குகளில்தான் குடியிருக்கும். ஐந்து படகுகளின் கூண்டுகளும் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். கேபிள் புதைக்க வேண்டுமானால் முதலில் கல்லை அகற்ற வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து கீத்துடையது.

ஃபிலிப்பா லோர்னாவைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார்.

"கார்ஸ்பியில ஒரு பொதுக்கூட்டம் வைக்கிறோம். நீ நாலு வார்த்த பேசினா நல்லாருக்கும்."

"எங்க அப்பாவே ஆட்சேபம் கொடுத்திருக்காரு, ஃபிலிப்பா."

"தெரியும்மா. அதனாலதான் கேக்குறேன். கட்டாயம் ஒண்ணும் இல்ல. இஷ்டமில்லன்னா விட்டுடு, யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு, மேல இருக்கறவங்க எல்லாரும் அன்னைக்கு வருவாங்க," என்றார்.

பேசுவதானால் தெரிந்து பேச வேண்டும் என்று லோர்னா நினைத்தாள். கேபிள் பிரிவின் மூத்த எஞ்சினியர் அலிஸ்டரைக் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். கேபிள் போட்டபின் சிங்கி திரும்பிவர எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாள்.

"ரெண்டு சீசன்," என்றார் அவர், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முன்னாடி போட்ட எடத்துல அப்படித்தான் ஆச்சு."

"கல்லெல்லாம்?"

"ஓரமாத் தள்ளி வைப்பாங்க. கல்லு எங்க ஓடிப் போகுது?"

வீட்டில் அவள் சொன்னபோது கீத் கூண்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நீ அங்க வேலை பாரு, நான் வேணாங்கல. அந்த மேடையில மட்டும் ஏறாத."

"நான் சொல்லலன்னா வெளியூர்க்காரன் எவனாவது வந்து சொல்லுவான், அப்பா."

"சொல்லட்டும். அவன நான் கேள்வி கேப்பேன். உன்ன எப்படிக் கேக்குறது?"

"கேளேன். எங்கிட்ட பதில் இருக்கு."

கீத் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து போனார். ஜனீன் அடுப்பைப் பார்த்தபடியே, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்றாள்.

லோர்னா ஏன் ஒப்புக்கொண்டாள் என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. இரண்டு சீசன் என்பதை அவள் உண்மையாகவே நம்பினாள். மேலே இருப்பவர்கள் வருவார்கள் என்பதும் மனதில் இருந்தது. வகுப்பில் எப்போதும் பின்தங்கி நிற்கிறவளுக்கு, ஒரு விஷயத்திலாவது எல்லோரும் தன் வாயைப் பார்க்கப் போகிறார்கள் என்பது பிடித்திருந்தது. அதுவும் உண்மை.

கூட்டம் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் நடந்தது. பெரிய பாத்திரத்தில் தேநீர் கொதித்தது, தட்டுகளில் பிஸ்கட். நாற்காலிகள் போதாமல் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். லோர்னா நீலச் சட்டையில் மேடை ஏறினாள். பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்தவர்கள் எத்தனை பேர் வேலை தேடி ஊரைவிட்டுப் போனார்கள், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிச் சொன்னாள். தனக்கு ஊரைவிட்டுப் போகாமலே படிப்பும் வேலையும் கிடைத்ததைச் சொன்னாள். பேச்சு நன்றாகவே இருந்தது. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டெஸ் எழுந்தார்.

"ஏம்மா எஞ்சினியரம்மா, நீ கம்பெனிப் பொண்ணாப் பேசுறியா, கீத் பொண்ணாப் பேசுறியா?"

"ரெண்டுமாத்தான் பேசுறேன், டெஸ்."

கைதட்டல். டெஸ் அது அடங்கும்வரை பொறுத்தார்.

"சரி. கல்லைத் தோண்டி எடுத்துட்டா சிங்கி எப்போ திரும்ப வரும்?"

"ரெண்டு சீசன்ல வந்துடும்."

"யாரு சொன்னது?"

அலிஸ்டர் அன்று வரவில்லை. ஃபிலிப்பா முன்வரிசையில் உட்கார்ந்து ஊக்கமூட்டும்படி தலையை ஆட்டினார். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கேட்டது என்று லோர்னாவால் சொல்ல முடியவில்லை.

"நான் சொல்றேன்," என்றாள்.

மண்டபம் முழுவதும் கீத்தைத் திரும்பிப் பார்த்தது. கடலில் எங்கே கூண்டு இறக்குவது என்பதில் மற்ற நான்கு பேரும் கீத்தின் பேச்சைத் தட்டியதில்லை. அவர் மெதுவாக எழுந்து தொப்பியைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. லோர்னா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் கேள்வி கேட்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எம் பொண்ணு சொல்றா," என்றார். "எனக்கு அது போதும்."

உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே ஐந்து படகுக்காரர்களும் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார்கள். வேலை நடக்கிற ஒரு கோடைக்கு மட்டும் நஷ்டஈடு என்று பேசி முடிவாயிற்று. ஃபிலிப்பா லோர்னாவின் மேஜையில் ஒரு பூச்செண்டு வைத்திருந்தார்.

அடுத்த கோடையில் கப்பல் வந்தது. கல் அகற்றினார்கள், பள்ளம் உழுதார்கள், கேபிள் இறக்கினார்கள். லோர்னா அப்போது இரண்டாம் வருஷம். கேபிள் சரியாகப் புதைந்திருக்கிறதா என்று கடலடியைப் படம்பிடித்துப் பார்க்கும் குழுவில் அவளைப் போட்டிருந்தார்கள். கரட்டுப் பகுதியின் படம் திரையில் வந்தபோது முதலில் வேறு இடம் என்றுதான் நினைத்தாள். சாம்பல் நிறக் களிமண் தட்டையாகக் கிடந்தது. அதன்மேல் ஏர் போன கோடு. ஒரு கல் இல்லை, ஒரு பாசி இல்லை. வெகுதூரம் தள்ளிப்போன பிறகுதான் கற்கள் வந்தன. வரப்பு மாதிரி குவித்துவிட்டிருந்தார்கள், பாதி சேற்றில் புதைந்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் இருந்தவன், "அழகா வேலை செஞ்சிருக்காங்க," என்றான். கேபிளுக்கு அது அழகான வேலைதான்.

அவள் அலிஸ்டரின் அறைக்குப் போனாள்.

"ரெண்டு சீசன்னு சொன்னீங்களே?"

"எத?"

"சிங்கி திரும்பி வர்றதுக்கு. என்கிட்ட சொன்னீங்க. கல்ல ஓரமா வைப்பாங்கன்னு சொன்னீங்க."

அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "அது வடக்க போட்ட கேபிள். அங்க மணல். இங்க அடியில களிமண்ணு, கல்லு மறுபடி அதே மாதிரி உட்காராது."

"அன்னைக்கு நீங்க அப்படிச் சொல்லலியே."

"நீ அத மேடையில சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சிருந்தா ரெண்டு மூணு 'இருக்கலாம்' சேர்த்துச் சொல்லியிருப்பேன்." அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபிலிப்பாவிடம் போனாள். ஃபிலிப்பா கதவைச் சாத்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பொய் சொல்லல, லோர்னா. உனக்குத் தெரிஞ்சதச் சொன்ன."

"அப்போ தப்பு யாருது?"

"தப்புன்னு ஏன் பாக்குற? திட்டம் முடிஞ்சுது, உன் எதிர்காலம் நல்லாருக்கு. அவங்க விருப்பப்பட்டுத்தானே ஆட்சேபத்த வாபஸ் வாங்கினாங்க?"

அந்த வருஷக் கடைசியிலும் அதற்கடுத்த வசந்தத்திலும் கூண்டுகள் வெறுமையாக வந்தன. நட்சத்திரமீனும் குட்டி நண்டும்தான். மேலே இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கடலிலேயே கொட்டினார்கள். வேறு இடங்களில் வேறு ஊர்க்காரர்களின் கூண்டுகள் இருந்தன, அங்கே போனால் சண்டை. ஐந்து பேரும் மறுபடியும் கம்பெனியிடம் போனார்கள். ஃபிலிப்பா லோர்னாவிடம் சொன்ன அதே பதில் அவர்களுக்கும் வந்தது, நீங்கள்தான் விருப்பப்பட்டு வாபஸ் வாங்கினீர்கள் என்று.

முதலில் இரண்டு இளைஞர்கள் படகை விற்றார்கள். பிறகு டெஸ். விற்ற அன்று மதுக்கடையில் கீத்துக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் குடித்திருக்கவில்லை.

"உம் பொண்ணு சொன்னது உனக்குப் போதும்னு சொன்ன. எனக்கு எது போதும், கீத்?"

கேட்டுவிட்டு டெஸ் எழுந்து போனார். அதற்குப் பிறகு கீத் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஜனீன் இதைச் சொன்ன மறுநாள் லோர்னா வேலையிலிருந்து வந்ததும் அப்பாவைத் தேடிப் போனாள். கீத் கொல்லைப்புறத்தில் கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் வேலைய விட்டுடறேன். படிப்பும் வேணாம்."

"விட்டு?"

"தெரியல. அவங்க கூட என்னால இருக்க முடியல."

அவர் ஒரு கூண்டைத் தூக்கி இன்னொன்றின்மேல் வைத்தார். அது சரிந்தது. மறுபடி வைத்தார்.

"உன்ன ஒண்ணு கேக்கணும்," என்றாள் லோர்னா. "அன்னைக்கு மண்டபத்துல நான் சொன்னத நீ நம்புனியா?"

"இல்ல."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

"அந்தக் கல்லுல முப்பது வருஷமா கூண்டு போடுறேன். அதத் தோண்டி எடுத்துட்டா என்ன ஆகும்னு நிச்சயமா எனக்கும் தெரியாது. ஆனா ரெண்டு சீசன்ல சரியாகும்னு நான் நம்பல."

"அப்போ ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்ல?" அவருடைய குரல் உயர்ந்தது. அவர் கத்தி அவள் கேட்டதில்லை. "ஊரே பாக்குது. நீ அந்தச் சட்டையப் போட்டுட்டு மேல நிக்கற, என்னையே பாக்கற. எழுந்து நின்னு, எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, பொய் சொல்றான்னு சொல்லச் சொல்றியா? நான் உன்ன ஏறாதன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"ஏறிட்ட. அதுக்கப்புறம் எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்துச்சு. நான் சொன்னேன்னு அவனுங்க நாலு பேரும் வாபஸ் வாங்கக் கையெழுத்தப் போட்டானுங்க. டெஸ்ஸுக்கு நான் என்ன பதில் சொல்ல? எம் பொண்ணு மானத்துக்காக உன் படகக் கொடுத்துட்டேன்னா?"

லோர்னா அழுதாள். அவர் பக்கத்தில் வரவில்லை.

"வேலைய விடுறேன்னு இன்னொரு தடவ சொல்லாத," என்றார். "அந்தப் பட்டத்த வாங்கு. எனக்குப் பெருமை வேணும்னு சொல்லல. அந்த ஆசையெல்லாம் போயிடுச்சு. அஞ்சு படகோட பொழப்பு அதுக்குள்ள போயிருக்கு. நீ பாதியில விட்டுட்டு வந்து இந்தச் சமையலறையில உக்காந்தா, அது எதுக்குமே இல்லாமப் போயிடும். வாங்கிட்டு எங்க வேணாலும் போ."

அவருடைய படகை ஸ்கார்பரோ ஊரிலிருந்து வந்த ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். கீத்துக்குக் கரையோரக் கேரவன் பூங்காவில், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் சக்கர வீடுகள் நிற்கிற இடத்தில், வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, எரிவாயு சிலிண்டர் மாற்றுவது, கரை இடிந்து வரும்போது முன்வரிசைக் கேரவன்களைப் பின்னால் இழுத்து வைப்பது. இழுக்க அவருடைய பழைய டிராக்டரே உதவியது. ஜனீன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள். லோர்னா ஹல் நகரத்தில் ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள். வேலையை விடவில்லை. மதிப்பெண்கள் ஏறின. வகுப்பில் அவளிடம் சந்தேகம் கேட்க ஆட்கள் வந்தார்கள். பேருந்து நிறுத்தங்களில் அவள் படத்துக்கு மேல் ஏதோ ஷாம்பு விளம்பரம் ஒட்டிவிட்டார்கள்.

நான்காம் வருஷம் ஃபிலிப்பா மறுபடி கூப்பிட்டார். வடக்கே வேறொரு மீனவ ஊரில் அடுத்த கேபிள், அடுத்த கூட்டம். லோர்னா முடியாது என்றாள். "புரியுது," என்றார் ஃபிலிப்பா. உண்மையிலேயே புரிந்த மாதிரிதான் இருந்தது. அந்த ஊரிலிருந்தே புதிதாகச் சேர்ந்திருந்த கிர்ஸ்டி என்ற பெண்ணைக் கேட்டுக்கொண்டார்.

லோர்னா அவளை மதியச் சாப்பாட்டின்போது தனியாக அழைத்து, கரடு பற்றியும் மண்டபம் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். கிர்ஸ்டி சாண்ட்விச்சைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ இப்போ எந்த வருஷம்?" என்றாள்.

"நாலு."

"உன்ன யாராவது வெளிய அனுப்பிட்டாங்களா?"

"இல்ல."

"படிப்பு நடக்குது, சம்பளம் வருது. உன் காரியம் ஆயிடுச்சு, அதனால உனக்குப் பாவம் பாக்க நேரம் இருக்கு. நான் சேர்ந்து அஞ்சு வாரம்தான் ஆகுது. நான் மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

லோர்னாவுக்கும் தெரியாது. அவள் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்ததில்லை, அது எதையும் பறிக்காத நிலைக்கு வரும்வரை.

"அங்க ஏதாவது கேட்டாங்கன்னா, எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லு. போதும்," என்றாள்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு என்னக் கூப்பிடறாங்க?" என்று கேட்டுவிட்டு கிர்ஸ்டி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கிர்ஸ்டியின் ஊரில் கூட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை லோர்னா கார்ஸ்பிக்கு வந்தாள். கீத் கேரவன் பூங்காவில் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச தூரத்தில் நின்றாள். இப்போதெல்லாம் அவர்கள் பேசிக்கொள்வது வானிலையும் அம்மாவின் முழங்காலும்தான். அன்று அவள் கிர்ஸ்டியைப் பற்றிச் சொன்னாள். கீத் குனிந்த தலையோடு கேட்டார்.

"பேசினாளா?"

"பேசினா. நல்லாப் பேசினாளாம்."

"அவ அப்பன் என்ன தொழில்?"

"நண்டுப் படகு."

கீத் ஸ்பானரை நிறுத்தினார். "மண்டபத்துல இருந்தானா?"

"இருந்தாராம். பின்வரிசையில."

"ஏதாவது கேட்டானா?"

"இல்ல."

அவர் மறுபடி திருகத் தொடங்கினார். திருகி முடித்து, கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். எழுந்து காலி சிலிண்டரை வண்டியில் உருட்டி ஏற்றினார். அவள் ஒரு பக்கம் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று கையால் தடுத்தார்.

"பரீட்சை எப்போ?"

"அடுத்த வாரம்."

"போய்ப் படி," என்றார்.

வண்டியை அடுத்த வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.